எட்டு மாதம் நின்ற மஞ்சள் பலகை

பதினாறு வருடமாக ஒரே வழித்தடத்தில் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். கடைசி நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால், தண்டவாளங்கள் பிரிந்து பிரிந்து சேரும் இடத்தில், வண்டி எப்போதும் ஒருமுறை குலுங்கும். இடதுபக்கம் காலுக்கடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அது கேட்டதும் பையை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்வோம்.

ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் கனத்தது. 'டக்' போய் 'டடங்' ஆனது. சில நாளில் அந்த இடத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் பலகை வைத்தார்கள். அதன் பிறகு வண்டி அங்கே ஊர்ந்துதான் போகும். தினமும் மூன்று, நான்கு நிமிடம் தாமதம். "மறுபடி உருட்ட ஆரம்பிச்சுட்டான்" என்று யாராவது அலுத்துக்கொள்வார்கள். நானும் மணி பார்த்து அலுத்துக்கொள்வேன். பலகை எட்டு மாதம் அங்கேயே நின்றது. ஒன்பதாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் இருந்த பெட்டி அதே இடத்தில் தடம் புரண்டது.

யாரும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் கை கால் முறிவு, பலருக்கு அடி. எனக்கு நெற்றியில் நான்கு தையல்.

பெரிய மோதல் மாதிரி எதுவும் இல்லை. முதலில் வழக்கமான சத்தம் வந்தது. அடுத்து வரவேண்டிய சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக, கல்லின் மேல் இரும்பை இழுப்பது போல ஒரு நீண்ட அரைப்பு. மேலே வரிசையாகத் தொங்கிய கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன, சாய்ந்தபடியே நின்றுவிட்டன. அப்புறம்தான் தெரிந்தது, கைப்பிடிகள் நேராகத்தான் தொங்குகின்றன, சாய்ந்திருப்பது பெட்டி. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராக இடதுபக்கம் சரிந்தோம். கம்பியில் என் நெற்றி இடித்தது அப்போதுதான். வலி தெரியவில்லை, கண்ணில் ஏதோ வடிகிறதே என்றுதான் நினைத்தேன்.

இதுவரை நடந்தது எங்கள் கையில் இல்லாதது. அடுத்த இரண்டு நிமிடம் எங்கள் கையில் இருந்தது. அதில்தான் கிட்டத்தட்ட ஆட்களைப் பறிகொடுத்திருப்போம்.

பெட்டி நின்றதும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்: வெளியே போகவேண்டும். வலதுபக்க வாசலில் ஒரு பையன் குதிக்கத் தயாராக நின்றான். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். அப்போது வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, இரண்டு கையாலும் வாசலை மறித்துக்கொண்டு கத்தினார். "யாரும் குதிக்காதீங்க! பக்கத்து லைன்ல வண்டி வரும்! அவனுக்கு இன்னும் தெரியாது!"

ஒருவர் அவரைத் திட்டினார். அவர் நகரவில்லை. அரை நிமிடம் போயிருக்கும். எதிர்த்திசையில் ஒரு வண்டி வந்தது. அதன் ஓட்டுநர் எங்கள் பெட்டி சாய்ந்திருப்பதைப் பார்த்துப் பிரேக் போட்டிருக்க வேண்டும், அப்படியும் அது எங்கள் வாசலைத் தாண்டித்தான் நின்றது. பையன் குதித்திருந்தால் நின்றிருக்கக்கூடிய இடத்தின் மேல் அதன் மூன்று பெட்டிகள் போயின. அதற்கப்புறம் எங்கள் பெட்டியில் யாரும் பேசவில்லை.

அந்தப் பெரியவர் முப்பது வருடத்துக்கு மேல் தண்டவாளப் பராமரிப்பு கேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அவர் தன் துண்டை மடித்து என் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து நான் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அதன் பிறகும் பலமுறை போயிருக்கிறேன். இனி நான் எழுதுவதில் பாதி அவரிடம் கேட்டது, மீதி அவர் கிளப்பிவிட்ட ஆர்வத்தில் நானே தேடிப் படித்தது.

முதல் சந்திப்பிலேயே நான் கேட்டேன், "ஐயா, அவ்வளவு மெதுவா வந்தும் எப்படிக் கவுந்துச்சு?"

"மெதுவா வந்ததாலதான் தம்பி நீங்க உக்காந்து கேள்வி கேக்குறீங்க" என்றார்.

அந்த இடத்தில் இருப்பது ஒரு பாயிண்ட். வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு. அதில் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும் தண்டவாளத்தை டங் ரயில் என்கிறார்கள். அதன் நுனி கத்தி போல மெலிந்திருக்கும். சக்கரத்தின் உள்விளிம்பு லட்சக்கணக்கான முறை உரசி உரசி நுனி தேய்ந்து சில்லுவிடும். கீழே உள்ள கட்டையும் தளர்ந்துவிட்டால், வண்டி ஏறும்போது அமுங்கும், போனதும் எழும்பும். அப்படி அமுங்கி எழும்போது ஜல்லிக்கற்கள் ஒன்றோடொன்று அரைந்து வெள்ளைப் பொடியாகும், மழை பெய்தால் சேறாகும். தேய்ந்த நுனியும் தளர்ந்த அடியும் சேர்ந்தால், ஏதாவது ஒரு சக்கரம் ஒருநாள் உள்ளே இறங்குவதற்குப் பதிலாக மேலே ஏறிவிடும். எங்கள் பெட்டிக்கு நடந்தது அதுதான் என்பது அவர் கணிப்பு. தையல் போட்டுத் திரும்பிய பிறகு நானே பார்த்தேன். நடைமேடைக் கோடியில் நின்றால் அந்தப் பாயிண்ட் தெரியும். சுற்றியுள்ள ஜல்லி கறுப்பாக இருக்க, அந்த இடத்தில் மட்டும் மாவு கொட்டினது போல வெளுத்துக் கிடந்தது. எட்டு மாதமும் அது அங்கே கிடந்திருக்கும். நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அந்த மஞ்சள் பலகையை அவர்கள் 'காஷன்' என்பார்களாம். இந்த இடத்தில் கோளாறு இருக்கிறது, சரிசெய்யும் வரை மெதுவாகப் போ என்று அர்த்தம். நான் தினமும் சபித்த அந்த நான்கு நிமிடம்தான் எங்களைப் பெட்டி முழுவதுமாகக் கவிழாமல் காப்பாற்றியது. அதே பலகைதான், கோளாறு அவர்களுக்கு எட்டு மாதம் முன்பே தெரியும் என்பதற்கும் சாட்சி. காஷன் போடுவது சரியான வேலை. போட்டுவிட்டு அதையே மருந்தாக நினைத்துக்கொள்வதுதான் தப்பு. நாங்களும் தப்பான விஷயத்துக்குத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வண்டி ஏன் மெதுவாகப் போகிறது என்று கேட்டோமே தவிர, ஏன் இத்தனை மாதமாக மெதுவாகப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது எங்கள் பாதையில் மட்டும் நடப்பதல்ல என்பது படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்ட் என்ற ஊருக்கு அருகே ஒரு விரைவு ரயில் ஓடும்போதே தண்டவாளம் நொறுங்கியது. நான்கு பேர் இறந்தார்கள். அந்தத் தண்டவாளத்தில் விரிசல் இருப்பது முன்பே தெரியும். மாற்றுவதற்கான புதுத் தண்டவாளம்கூட வந்து, பாதை ஓரத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தது. அதைப் பொருத்தும் வேலைதான் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. விபத்துக்குப் பிறகு அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு போட்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, ஜன்னலுக்கு வெளியே பாதையோரம் துருவேறிக் கிடக்கும் புதுத் தண்டவாளத் துண்டு எதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு பிசைகிறது.

2018 ஜனவரி 25, இத்தாலியில் மிலான் நகருக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிவந்த வண்டி பியோல்தெல்லோ அருகே தடம் புரண்டு மூன்று பெண்கள் இறந்தார்கள். ஒரு ஜாயிண்ட்டில் தண்டவாளத்தின் 23 சென்டிமீட்டர் துண்டு உடைந்து போயிருந்தது. 2013 ஜூலை 12, பிரான்சில் பாரிசுக்குத் தெற்கே பிரெட்டினி நிலையத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அங்கே பாயிண்ட்டில் இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட் கழன்று திரும்பியிருந்தது. ஒரு ஆள் கையில் தூக்கிவிடக்கூடிய இரும்புத் துண்டுகள் இவை.

பழைய பாதை என்றாலே ஆபத்து என்று நான் சொல்லவரவில்லை. பெரியவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். நன்றாகப் பேக்கிங் செய்து (கட்டைக்கு அடியில் ஜல்லியை இறுக்கி அடைப்பது), போல்ட் முறுக்கி, எண்ணெய் போட்டு வைத்திருக்கும் ஐம்பது வருடத்துப் பாயிண்ட்டை அவர் கைவிடப்பட்ட ஐந்து வருடத்துப் பாயிண்ட்டைவிட நம்புவார். பழையதை மாற்றும்போதுகூட ஆபத்து வரலாம். லண்டனில் கிளாப்ஹாம் சந்திப்பு அருகே 1988 டிசம்பர் 12 காலையில் 35 பேர் இறந்த விபத்து, பழைய சிக்னல்களைப் புதிதாக மாற்றும் வேலையின்போது வந்தது. பிரித்த ஒரு பழைய ஒயரை வெட்டாமல், நுனியை மூடாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அது மறுபடி பழைய இடத்தில் தொட்டு, சிவப்பு காட்டவேண்டிய சிக்னல் சிவப்பு காட்டவில்லை. அந்த வேலையைச் செய்த தொழிலாளி அதற்கு முந்தைய பதின்மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார் என்பதை விசாரணையில் பதிவு செய்தார்கள். எனக்கு அந்த ஒயரைவிட இந்த ஒரு நாள்தான் மனதில் நின்றது. பழைய பாதைக்கு வைத்தியம் பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் இல்லையென்றால் புதிய சாமான் வாங்கி என்ன பயன்?

அதே கிளாப்ஹாமில்தான் பெரியவர் அன்று கத்திய வார்த்தைக்கு விளக்கம் இருக்கிறது. இரண்டு வண்டிகள் மோதியதும் சிதறல் பக்கத்துத் தடத்தில் விழுந்தது. எதிரே வந்த மூன்றாவது வண்டி அதில் மோதியது. நல்லவேளை, அதில் பயணிகள் இல்லை. பின்னால் வந்த நான்காவது வண்டியின் ஓட்டுநர் கண்ணால் பார்த்து நிறுத்திவிட்டார். விபத்து நடந்த முதல் சில நிமிடம் மற்ற வண்டிகளுக்கு எதுவுமே தெரியாது. இதை நீங்கள் எந்த ஊரில் ரயிலேறுகிறவராக இருந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால், புகையோ தீயோ இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே இருங்கள். தீ என்றால் முதலில் அடுத்த பெட்டிக்கு நகரப் பாருங்கள். வழியே இல்லாவிட்டால்தான் இறங்குவது. இறங்கும்போதும் பக்கத்துத் தடம் இல்லாத பக்கமாக இறங்கவேண்டும். நிலையத்துக்கு வெளியே பெட்டித் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும், கீழே ஜல்லி. குதித்தால் கணுக்கால் போகும். முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பி, கம்பியைப் பிடித்து, ஏணியில் இறங்குவது போல இறங்கச் சொன்னார் பெரியவர். அன்று கடைசியில் எங்களை இறக்கியபோது அவர்தான் ஒவ்வொருவராக அப்படி இறக்கிவிட்டார். காலணியைக் கழற்றாதீர்கள்.

மின்சாரம் இன்னொரு பயம். மேலே கம்பி ஓடும் பாதைகள் பலவற்றில் 25,000 வோல்ட். அறுந்து தொங்கும் கம்பியைத் தொடவேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே தாவும். கம்பி பெட்டி மேல் விழுந்திருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டோம் என்று ரயில்வே ஆட்கள் சொல்லும் வரை உள்ளே இருப்பதுதான் பாதுகாப்பு. ஒரு கால் தரையிலும் ஒரு கை பெட்டியிலும் இருக்கும் அந்த ஒரு கணம்தான் உயிரை எடுக்கும். சில ஊர்களில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு மின் தண்டவாளம் ஓடும். அங்கே கால் வைக்கும் ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்கவேண்டும்.

அப்புறம், எங்கே நிற்பது. இறங்கியதும் படியேற வசதி என்று எல்லோரும் முதல் பெட்டியில் அடைவோம், கடைசி நிலையம் நெருங்கும்போது வாசலில் குவிவோம். 2012 பிப்ரவரி 22 அன்று அர்ஜென்டினாவில் புவெனஸ் ஐரிஸ் நகரின் ஒன்ஸே நிலையத்தில் இப்படித்தான் காலை நேரக் கூட்டம் முன்பெட்டிகளில் எழுந்து நின்றிருந்தது. வண்டி நிற்காமல் தடக்கோடியில் இருக்கும் தடுப்பில் மோதியது. வேகம் மணிக்கு 26 கிலோமீட்டர்தான். சைக்கிளில் வேகமாகப் போகிறவர் தொடும் வேகம். ஆனால் இரண்டாவது பெட்டி முதல் பெட்டிக்குள் சுமார் ஆறு மீட்டர் புகுந்துவிட்டது. 51 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். அந்தப் பெட்டிகள் 1960களில் செய்தவை. போக்குவரத்துத் துறையின் உயர் பொறுப்பில் இருந்தவர்கள் உட்படப் பலருக்குப் பிறகு சிறைத்தண்டனை கிடைத்தது.

நான் இப்போது நடுப்பெட்டியில்தான் ஏறுகிறேன். நின்றால் கம்பியை ஒரு கையாலாவது பிடித்திருப்பேன், வண்டி முழுவதும் நின்ற பிறகுதான் வாசலுக்குப் போவேன். எனக்கு அரை நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். படியில் தொங்குவதைப் பற்றி நான் யாருக்கும் உபதேசம் செய்ய மாட்டேன், உள்ளே இடமிருந்தால் யார் தொங்குவார்கள்? ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஜூன் 9 அன்று மும்பையில் மும்ப்ரா அருகே வளைவில் இரண்டு வண்டிகள் கடந்தபோது வாசலில் தொங்கியவர்கள் விழுந்து உயிரிழந்தார்கள். 2018 ஜூலையில் சென்னை பரங்கிமலை நிலையத்தில், வண்டி வழக்கமான தடத்தை விட்டு வேறு தடத்தில் போன நாளில், படியில் நின்றவர்கள் நடைமேடைச் சுவரில் அடிபட்டு இறந்தார்கள். தினமும் போகும் தடத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பது தொங்குகிறவருக்குப் பழகியிருக்கும். தடம் மாறினால் அந்தப் பழக்கமே பகையாகிவிடும். அறிவிப்பில் தடம் மாற்றம் என்று கேட்டால் அன்று மட்டுமாவது உள்ளே வந்துவிடுங்கள்.

தாமதத்தைப் பற்றியும் என் மனம் மாறியிருக்கிறது. மழை நாளில் 'சிக்னல் கோளாறு' என்று வண்டி நிற்கும்போது கோபம் வரும். தண்டவாளத்தில் மெல்லிய மின்னோட்டம் ஓடுகிறது, சக்கரம் அதை மறித்தால் பின்னால் சிக்னல் சிவப்பாகிறது. தண்ணீர் தேங்கியோ ஒயர் பழுதாகியோ மின்னோட்டம் வரவில்லை என்றாலும் சிவப்புதான். சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் அதன் அமைப்பு. நாம் சபிக்கும் பல சிக்னல் கோளாறுகள் அது ஒழுங்காக வேலை செய்யும் தருணங்கள். பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறானதற்கு: 2009 ஜூன் 22 அன்று வாஷிங்டன் மெட்ரோவில், நின்றிருந்த வண்டியை அந்த அமைப்பு கண்டுகொள்ளவே இல்லை. பின்னால் வந்த வண்டி மோதி ஒன்பது பேர் இறந்தார்கள்.

இன்னொன்று 2005 ஏப்ரல் 25, ஜப்பானில் அமாகாசாகி. ஓட்டுநர் ஒன்றரை நிமிடத் தாமதத்தை ஈடுகட்டப் பார்த்தார். தாமதம் செய்த ஓட்டுநர்களை அவமானப்படுத்தும் 'மறுபயிற்சி' அவரை அச்சுறுத்திக்கொண்டிருந்தது. 70 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டிய வளைவில் 116 கிலோமீட்டர் வேகத்தில் போனார். பெட்டிகள் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் மோதின. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். வேகம் மீறினால் தானாகப் பிரேக் போடும் புதிய கருவி அந்தப் பாதைக்கு வரவிருந்தது, இன்னும் வரவில்லை. நாங்கள் நடைமேடையில் ஓட்டுநரைப் பார்த்துக் கத்திய நாட்களை நினைத்தால் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பிளாக் எடுத்து, அதாவது பராமரிப்புக்காகப் பாதையை மூடி, வண்டிகளை ரத்து செய்தால் நான் இப்போது முணுமுணுப்பதில்லை. விடிகாலை முதல் நள்ளிரவு வரை வண்டி ஓடும் பாதையில் கேங் ஆட்களுக்குக் கிடைப்பது இரவில் மூன்று, நான்கு மணி நேரம். அதிலும் மின்சாரம் நிறுத்த, சாமான் கொண்டுவர, திரும்ப எடுத்துப்போகப் போய்விடும் நேரம் பாதி. வெயில் காலத்தில் வேலை இன்னும் கூடும். முப்பது டிகிரி சூடு ஏறினால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் கட்டுப்பாடின்றி விட்டால் 36 சென்டிமீட்டர் நீளும். நீள இடமில்லாமல் ஜல்லி இறுகப் பிடித்திருப்பதால்தான் அது நேராகக் கிடக்கிறது. ஜல்லி குறைந்த இடத்தில் பாம்பு போல நெளிந்துவிடும். பகலில் அந்த வெயிலில் நடந்து போய்ப் பார்க்கிறவர் கீமேன். கையில் சுத்தியும் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு தனியாக நடப்பவரை ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள்.

புகார் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் நம்மால் ஏதாவது செய்யமுடியும். விபத்துக்கு ஒரு வருடம் கழித்து வேறு ஒரு இடத்தில் எனக்கு அதே மாதிரிச் சத்தம் கேட்டது. 'தண்டவாளத்தில் சத்தம் வருகிறது' என்று எழுதினேன். 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்து முடிந்துபோனது. பெரியவரிடம் காட்டினேன். "எந்த ஜாயிண்ட்டுன்னு தேடிட்டு அவன் எத்தனை கிலோமீட்டர் நடப்பான் தம்பி?" என்றார்.

பாதையோரம் கிலோமீட்டர் கல்லும், மின்கம்பங்களில் எண்ணும் இருக்கும். மூன்று நாள் ஜன்னலோரம் நின்று எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் இடையில் என்று பார்த்தேன். போகிற தடமா வருகிற தடமா, இடதா வலதா, ஒரு அடியா தொடர் குலுக்கலா, எல்லாப் பெட்டியிலும் வருகிறதா என்று குறித்தேன். ஒரே பெட்டியில் மட்டும், வழி நெடுக வந்தால் கோளாறு சக்கரத்தில். எல்லாப் பெட்டியிலும் ஒரே இடத்தில் வந்தால் பாதையில். வெவ்வேறு வண்டிகளில் வரும் மூன்று பேரைத் தனித்தனியாக எழுதச் சொன்னேன். தேதி, மணி, கம்ப எண், அவ்வளவுதான், திட்டு எதுவும் இல்லை. பதினோராம் நாள் அந்த இடத்தில் ஆட்கள் குனிந்து பேக்கிங் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். சத்தம் போய்விட்டது.

அதிலிருந்து பையில் ஒரு சிறிய நோட்டு வைத்திருக்கிறேன். புதிதாகக் காஷன் பலகை எங்கே முளைத்தாலும் அன்றைய தேதியைக் குறிப்பேன். எடுத்துவிட்டால் கோடு போட்டு அடிப்பேன். ஒரு மாதம் தாண்டினால், அந்தப் பலகை எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, வேலை எப்போது முடியும் என்று இரண்டே வரியில் எழுதிக் கேட்பேன். பலகையை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் ஒருநாளும் எழுத மாட்டேன். எங்கள் வண்டியில் இப்போது ஏழு பேர் இப்படிக் குறித்து வைக்கிறோம். அன்று வாசலில் குதிக்க நின்ற பையனும் அதில் ஒருவன்.

போன மாதம் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு புதுப் பலகை வந்திருக்கிறது. இன்றோடு 19 நாள்.